வரும்போது இஞ்சி வாங்கிட்டு வா

ஜனவரி 19, திங்கள்

கல்லூரியில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் டைரி கொடுத்தார்களாம். ஆவுடையப்பன் அதைக் கொண்டுவந்து என் மடியில் போட்டான். "யம்மா, எல்லாத்தையும் மண்டையிலயே வச்சிருக்கியே, கொஞ்சத்த இதுல எறக்கி வையி. ஒனக்கும் பாரம் கொறையும், எங்களுக்கும் காதுவலி கொறையும்" என்று சிரித்தான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணிக்கொண்டுதான் வரும். வரட்டும்.

முதல் பக்கத்தில் சின்ன முதலாளி ஹரிஷ் கோட்டு போட்டுக்கொண்டு பல்லைக் காட்டுகிறான். அப்பன் படுத்த படுக்கையானதும் பெங்களூரிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தவன். அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போடலாமா என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும். டைரியைத் திறக்கும்போதெல்லாம் இவன் முகத்தைப் பார்த்தால் எனக்கு எதுவும் மறக்காது.

இன்று புது சிலிண்டர் மாட்டியது.

ஜனவரி 27, செவ்வாய்

கல்லூரியில் இருக்கிற கம்ப்யூட்டர் சமாச்சாரத்தையெல்லாம் கிளவுடுக்கு மாற்றப் போகிறார்களாம். பிள்ளைகளின் மார்க்கு, வருகைப் பதிவு, சம்பளக் கணக்கு, எல்லாம். என்னடா அது என்று கேட்டேன். ஆவுடையப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே விளக்கினான். எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: நம் வீட்டுச் சாமானை எங்கேயோ இருக்கிற இன்னொருத்தன் கட்டடத்தில் வைத்துவிட்டு மாத வாடகை கொடுப்பது. நமக்கு வேண்டும்போது இங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

"அப்பம் நீ பாக்குற கம்ப்யூட்டர் ரூமு?" என்றேன்.

"ரூமே வேண்டாம்மா. ராவும் பகலும் ஏசி ஓட வேண்டாம், ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்த வேண்டாம். சின்னவர் கணக்குப் போட்டுக் காமிச்சாரு. அம்புட்டும் மிச்சம். மாத்துற பொறுப்ப என்கிட்டயே கொடுத்துட்டாரு."

அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஏசி வேண்டாம், டீசல் வேண்டாம், ரூம் வேண்டாம் என்றால் அந்த ரூமைப் பார்த்துக்கொள்கிற ஆள் மட்டும் எதற்கு என்று எனக்கு நாக்கு வரைக்கும் வந்தது. மோர் ஊற்றினேன்.

ஜனவரி 28, புதன்

நேற்று எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் கல்லூரி பஸ் ஓட்டினவர். நெஞ்சுவலி வந்தபோது பிள்ளைகளோடு இருந்த பஸ்ஸை ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் ஸ்டியரிங்கில் சாய்ந்தார். ஒரு பிள்ளைக்குக்கூடக் கீறல் இல்லை. பெரிய முதலாளி சாவுக்குத் துட்டி கேட்க வந்தார். வெயிலில் வந்தவருக்குக் கலர் உடைத்துக் கொடுத்தோம். பாட்டில் வாயைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துவிட்டு இரண்டு மடக்குக் குடித்தார். அப்புறம் சொன்னார், "ஏம்மா சண்முகத்தாய், இந்தக் கல்லூரி இருக்கிற வரைக்கும் ஒம்மகன் அங்க இருப்பான்." சொன்ன சொல்லும் என் மண்டையில் இருக்கிறது. துடைத்த கைக்குட்டையும் இருக்கிறது, நீலக் கட்டம் போட்டது.

பிப்ரவரி 5, வியாழன்

"யம்மா, ஒன் போனக் கொடு" என்றான்.

"எதுக்குடா?"

"புது கணக்கு தொறக்கும்போது ஒரு நம்பர் கேக்கு. யாராச்சும் புதுசா ஒரு கம்ப்யூட்டர்ல இருந்து உள்ள போனா அந்தப் போனுக்கு ஒரு நம்பர் வரும். அதப் போட்டாத்தான் கதவு தொறக்கும். என் நம்பர ஏற்கெனவே வேற ஒண்ணுக்குக் கொடுத்தாச்சு. சின்னவர்கிட்ட கேட்டேன், சும்மா சும்மா மெசேஜ் வரும், என் நம்பர் எதுக்குங்காரு."

"சரி, இந்தா."

பட்டன் போன். வீட்டை விட்டு வெளியே போகாது, கீழே விழுந்தாலும் உடையாது, அதனால்தான் அதன் நம்பரைப் போட்டிருக்கிறான். சிம் இன்னும் அவர் பேரில்தான் இருக்கிறது. அவர் போன பிறகு மாற்றச் சொன்னார்கள். நான் மாற்றவில்லை.

சாயங்காலம் வற்றல் காயப் போட்டு எடுத்தேன். காக்கா ஒரு பங்கு தின்றுவிட்டது.

பிப்ரவரி 20, வெள்ளி

எல்லாம் மாற்றி முடிந்ததாம். மேடை போட்டு ஆவுடையப்பனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பேத்தி இந்துஜா அங்கேதான் பி.காம் கடைசி வருடம் படிக்கிறாள். "ஆச்சி, அப்பாவுக்கு எங்க கிளாஸே கைதட்டுச்சு" என்று குதித்துக்கொண்டு வந்தாள். மருமகள் கனகவல்லி பொன்னாடையை மடித்து பீரோவில் வைத்தாள்.

பழைய மெஷின்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். வருடா வருடம் ஆயுத பூஜைக்கு அவன் சந்தனப் பொட்டு வைத்த மெஷின்கள். "ரூம்ல சத்தமே இல்லம்மா, காது அடைச்ச மாதிரி இருக்கு" என்றான். வீட்டுக்கு வந்தவன் வேர்க்காத நேரத்திலும் டேபிள் ஃபேனைப் போட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

மார்ச் 3, செவ்வாய்

எப்போதும்போல் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினான். கழுத்தில் தொங்குகிற அடையாள அட்டை ஆணியிலேயே மாட்டியிருந்தது. நேற்றும் அங்கேதான் இருந்தது.

சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றினான். செருப்பு நிறைய ஜல்லித் தூசி. கல்லூரி வாசல் வரைக்கும் தார் ரோடு. ஜல்லி எங்கே கொட்டிக் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். அதை எழுத மாட்டேன்.

மார்ச் 4, புதன்

கிளம்பும்போது, "சாயங்காலம் வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வா, மறந்துராத. நீ கொண்டாந்தாத்தான் ரசம்" என்றேன். வாங்கி வந்தான்.

மார்ச் 5, வியாழன்

வெற்றிலை. வாங்கி வந்தான்.

மார்ச் 6, வெள்ளி

கடுகு. வந்தான்.

மார்ச் 9, திங்கள்

கனகவல்லிக்கு மூக்கு வேர்த்துவிட்டது. "அத்தே, கடுகு டப்பா நெறஞ்சு கெடக்கு, இன்னிக்கி மறுபடியும் கடுகுங்கீங்க. அவுக வேலைக்குப் போறாகளா, பலசரக்குக் கடைக்குப் போறாகளா?"

"நீ ஒன் சோலியப் பாரு" என்றேன். கல்யாணமான மூன்றாம் நாள் என் குழம்பில் இவள் இரண்டாம் தடவை உப்புப் போட்டதை நான் இன்னும் விட்டுவிடவில்லை. ஆனாலும் இன்று இவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இவளுக்கு ஒன்றும் தெரியாது.

கடுகு வந்தது. அவனும்.

மார்ச் 11, புதன்

காலையில் என் போன் டிங் என்றது. ஆறு இலக்கத்தில் ஒரு நம்பர். சற்று நேரம் கழித்து இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. கதவைத் தட்டுகிறார்கள் என்று புரிந்துகொண்டேன். எனக்கு வெகு நாளைக்கப்புறம் பசித்தது. இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டேன்.

மத்தியானம் கல்லூரி சூப்பிரண்டு லூர்துராஜ் ஸ்கூட்டரில் வந்து இறங்கினான்.

"ஆவுடையப்பன் எங்கம்மா? போன எடுக்க மாட்டேங்கான்."

கனகவல்லி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "காலேஜ்லதான சார் இருப்பாக? காலையிலயே வந்துட்டாகளே."

லூர்துராஜ் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். ஹெல்மெட்டைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றான். "அவரப் போன மாசக் கடைசியோட நிப்பாட்டியாச்சேம்மா. வீட்ல சொல்லலையா?" என்றான். கனகவல்லி அப்படியே நடையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவன் வந்த காரியம் இதுதான். ஆபீசில் ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரில் அந்தக் கணக்கு திறந்தபடியே இருந்திருக்கிறது. அதில்தான் இத்தனை நாளும் வேலை நடந்திருக்கிறது. போன வாரம் அதையும் விற்றாகிவிட்டது. புதிதில் பாஸ்வேர்டு போட்டால் ஒரு போன் நம்பருக்கு அனுப்பியிருக்கிறோம், அதைச் சொல் என்கிறதாம்.

"அது யார் போன்னு ஆவுடையப்பன்கிட்ட கேக்கணும்" என்றான்.

"வந்தாச் சொல்லுதேன்" என்றேன். போன் என் இடுப்பில்தான் இருந்தது.

மார்ச் 11, அதே நாள், விளக்கு வைத்த பிறகு

அவன் வந்தான். கனகவல்லி அழுதாள், திட்டினாள், மறுபடியும் அழுதாள். அவன் பையிலிருந்து நான் கேட்டிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து என் முன்னால் வைத்தான். பிறகுதான் கேட்டான், "யம்மா, ஒன் போனுக்கு எதுவும் நம்பர் வந்துச்சா?"

"அது பாத்திரம் கழுவுற தண்ணியில விழுந்து செத்துப்போச்சுடா."

"எப்பம்?"

"போன வாரம். குப்ப வண்டியில போட்டுட்டேன்."

என் முகத்தையே பார்த்தான். நான் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தேன். நான் பொய் சொல்லி அவன் பார்த்ததில்லை, அதனால் நம்பிவிட்டான். புது சிம் வாங்கலாம் என்றால் அதற்கு சிம்காரர் நேரில் வந்து கைரேகை வைக்க வேண்டுமாம். சிம்காரர் எங்கே வர. கிளவுடு கம்பெனிக்கு எழுதிக் கேட்டால் ஒரு மாதம்கூட ஆகுமாம். ஆகட்டும். ஹரிஷ் கோட்டு போட்டுக்கொண்டு ஒரு மாதம் கதவுக்கு வெளியே நிற்கட்டும்.

போனை அரிசி டிரம்முக்குள் புதைத்தேன்.

மார்ச் 13, வெள்ளி

அரிசிக்குள்ளிருந்து டிங் என்றது. கனகவல்லி, "பல்லி கத்துது, நல்லதுக்கா கெட்டதுக்கா அத்தே?" என்றாள். நல்லதுக்கு என்றேன்.

ஆவுடையப்பன் இன்று எங்கேயும் போகவில்லை. வேலை போனது எல்லாருக்கும் தெரிந்துவிட்டதால் போவதற்கு இடமில்லாமல் போய்விட்டது. சவரம் செய்யவில்லை. ஃபேன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கரண்டு போனபோதும் எழுந்திருக்கவில்லை.

மார்ச் 16, திங்கள்

இந்துஜா கல்லூரியிலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றவில்லை.

"ஆச்சி, வெள்ளிக்கிழமைக்குள்ள எங்க உள்மதிப்பீட்டு மார்க்க யுனிவர்சிட்டிக்கு அனுப்பணுமாம். அது பூராவும் அதுக்குள்ளதான் மாட்டிக்கிட்டு இருக்கு. அனுப்பலைன்னா கடைசி வருசம் யாருக்கும் ஹால் டிக்கெட் கிடையாது. நானும் எழுத முடியாது."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"எல்லாரும் என்ன சொல்லுதாங்க தெரியுமா? ஒங்கப்பன்தான் வேணும்னே பூட்டிட்டுப் போயிட்டான்னு. நேத்து வரைக்கும் எங்கூட உக்காந்து சாப்ட்டவ இன்னிக்கி டிபனத் தூக்கிட்டு வேற பெஞ்சுக்குப் போயிட்டா."

சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். "ஏட்டி, அந்தப் போனுக்கு ஏற்கெனவே வந்த நம்பரு யாருக்காச்சும் ஞாபகம் இருந்தா, அதப் போட்டுத் தொறக்க முடியாதா?"

"அதெல்லாம் பத்து நிமிசத்துல செத்துரும் ஆச்சி. அப்புறம் அது வெறும் நம்பரு."

வந்த நம்பர் அத்தனையும் எனக்கு வரிசையாகச் சொல்லத் தெரியும். கலர் பாட்டிலைத் துடைத்த கைக்குட்டையின் கட்டத்தைப் பத்தொன்பது வருடம் வைத்திருக்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு பாரமா. அத்தனையும் என்னிடம் இருக்கிறது. ஒன்றுக்கும் உதவாது.

மார்ச் 17, செவ்வாய்

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆவுடையப்பனுக்கு அழைப்பு. கல்லூரி புகார் கொடுத்திருக்கிறது. போய்விட்டு வந்தவன் சட்டையைக் கழற்றாமலே படுத்தான். கனகவல்லி துருவித் துருவிக் கேட்டதில் ஒரே வரிதான் சொன்னான்: "எங்கம்மா போன் தண்ணியில விழுந்துருச்சுன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க."

நான் எழுந்து அரிசி டிரம் வரைக்கும் போனேன். போனை எடுத்து வெளியே வைத்தால் என்ன ஆகும்? ஆத்தாளும் மகனும் சேர்ந்து நாடகம் ஆடினார்கள் என்பார்கள். அவன் நிஜமாகவே உள்ளே போவான். எடுக்காவிட்டாலும் போவான். இந்துஜாவின் வருடம் போகும். அரிசியில் கையை விட்டுக்கொண்டு நின்றேன். "எத்தன ஆழாக்கு அத்தே?" என்று கனகவல்லி கேட்டாள். நாலு என்று சொல்லி அளந்து போட்டேன்.

மார்ச் 18, புதன்

சோறு மிஞ்சிவிட்டது. யாரும் சாப்பிடவில்லை.

மார்ச் 19, வியாழன்

இதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

காலையில் அவன் சவரம் செய்து, குளித்து, நீலச் சட்டை போட்டான். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இந்துஜாவிடம் ரேஷன் கார்டு எங்கே இருக்கிறது, கரண்டு பில் எப்படிக் கட்டுவது என்று பேசிக்கொண்டிருந்தான். சின்னப் பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்றான்.

"எங்கடா?"

"சும்மா, காத்தாட."

"வரும்போது இஞ்சி வாங்கிட்டு வா."

"இஞ்சி இருக்கேம்மா."

"காஞ்சுபோச்சு. புது இஞ்சி வேணும். மறக்காம வாங்கிட்டு வா."

தலையை ஆட்டிவிட்டுப் போனான். டிவி மேல் அவன் வாட்ச் இருந்தது. அதன் பக்கத்தில் அவன் போனும் இருந்தது. அவன் அப்பா வாட்ச் அது. குளிக்கும்போதுகூடக் கழற்றாதவன்.

மதியம் வரவில்லை. நாலு மணிக்கும் வரவில்லை. கனகவல்லி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடிவிட்டு வந்தாள். நான் அரிசி டிரம்மைத் தரையில் கவிழ்த்தேன். அரிசி வீடு முழுக்க ஓடியது. கனகவல்லி என் கையில் இருந்த போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.  "ஆட்டோ புடி இந்து" என்று மட்டும் சொன்னாள். கனகவல்லியை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு நானும் பேத்தியும் போனோம். ஆட்டோக்காரப் பையனிடம் வயரை வாங்கிப் போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டே போனோம்.

கல்லூரி ஆபீசில் எல்லாரும் ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றார்கள். நடுவில் ஹரிஷ். நேரில் பார்த்தால் கோட்டு இல்லை, கண்ணில் தூக்கமும் இல்லை. பெற்றோர்கள் வெளியே கத்திக்கொண்டிருந்தார்கள்.

நான் போனைத் தூக்கிக் காட்டினேன். "நீங்க தேடுறது இதுதான்."

லூர்துராஜ், "அம்மா!" என்றான்.

ஹரிஷ் எழுந்துவிட்டான். "பாட்டி, வேலை செய்யுதா? டேய், இப்ப அனுப்பு, கோட அனுப்பு. பாட்டி, வர்ற நம்பரச் சொல்லுங்க."

"எம்மவன் காலையில போனவன் வீட்டுக்கு வரல. மொதல்ல அவனத் தேடு."

"தேடலாம் பாட்டி, முதல்ல நம்பர், மத்தத அப்புறம் பேசிக்கலாம். நாளைக்குக் கடைசி நாள்."

"எனக்கு இன்னிக்கிக் கடைசி நாளு."

மூலையில் குடிதண்ணீர் டிரம் இருந்தது. மூடியைத் தள்ளிவிட்டுப் போனை அதற்கு மேலே பிடித்தேன்.  கிட்டே வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். "தண்ணியில விழுந்துருச்சுன்னு ஒரு தரம் பொய் சொல்லிட்டேன் தம்பி. இப்பம் நெசமாக்கிருவேன். அந்தப் பொய்யச் சொன்னது நான். எம்மவன் இல்ல. அவனுக்கு ஒண்ணும் தெரியாது. எழுதிக்கோ, போலீஸ்காரன்கிட்டயும் சொல்லு."

டிங் என்றது. நம்பர் வந்தது.  நான் சொல்லவில்லை.

"அவங்கப்பா இந்தக் காலேஜ் பஸ்ஸ ஓரம் கட்டிட்டுத்தான் செத்தாரு" என்றேன். "ஒங்ககிட்ட எத்தன பஸ் நிக்கி? அத்தனையும் எடுக்கச் சொல்லு. ரயில் ரோட்டுப் பக்கம் போகச் சொல்லு."

ரயில் ரோடு என்று சொன்னதும் இந்துஜா என் சேலையைப் பிடித்துக்கொண்டு "ஆச்சி" என்று கத்தினாள். நான் அந்த வார்த்தையை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இந்த டைரியிடம்கூட.

ஹரிஷ் அவளைப் பார்த்தான். அப்புறம் லூர்துராஜிடம், "டிரைவர்களக் கூப்பிடுங்க, எல்லாரையும்" என்றான். சாயங்கால டிரிப் முடித்து வந்திருந்த டிரைவர்கள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஓடினார்கள். அதில் மாடசாமி அவரிடம் கிளீனராக இருந்தவன். "மதினி, நான் கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஒவ்வொரு பஸ்ஸாக கேட்டைத் தாண்டுகிற சத்தத்தை எண்ணாமல் கேட்டுக்கொண்டே நின்றேன். கையில் இருந்த நம்பர் செத்தது. இன்னொன்று அனுப்பினார்கள். அதுவும் செத்தது. யாரோ நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. தண்ணீருக்கு மேலேயே கையை வைத்திருந்தேன்.

வெளியே இருட்ட ஆரம்பித்தபோது லூர்துராஜின் போன் அடித்தது. காதில் வைத்துக் கேட்டுவிட்டு என் காதில் வைத்தான்.

"மதினி, ஆள் இருக்காரு. ரெட்டைப் பாலத்துக்கு அங்கிட்டு, தண்டவாளத்துக்குப் பக்கத்துல உக்காந்திருந்தாரு. நல்லா இருக்காரு. பேச மாட்டேங்காரு."

"கையில என்ன வச்சிருக்கான்?"

"பை ஒண்ணு வச்சிருக்காரு."

"பையில என்னன்னு பாரு மாடசாமி."

 ஒரு ரயில் போகிற சத்தம் கேட்டது. 

"இஞ்சி மதினி."

அப்போதுதான் உட்கார்ந்தேன்.

அடுத்து வந்த நம்பரைத் தப்பில்லாமல் வாசித்தேன். கதவு திறந்தது. எல்லாரும் கைதட்டினார்கள், போன மாதம் அவனுக்குத் தட்டின மாதிரியே. ஹரிஷ், "அந்தப் போனக் கொடுங்க பாட்டி, நம்பர மாத்திக்கிறோம்" என்று கை நீட்டினான். கொடுத்தேன். கைக்குட்டையை எடுத்து அதைத் துடைத்துவிட்டுத்தான் காதுப்பக்கம் கொண்டுபோனான். அரிசித் தவிடு ஒட்டியிருந்தது என்பான். இருக்கலாம். இவனுடையது வெள்ளைக் கைக்குட்டை. ஓரத்தில் ஒரு கோடு.

மார்ச் 21, சனி

மார்க்குகள் நேற்றே போய்விட்டன. புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். திங்கட்கிழமை ஆவுடையப்பனை வரச் சொல்லுங்கள், பேசலாம் என்று லூர்துராஜ் வந்து சொன்னான். 'பேசலாம்' என்றுதான் சொன்னான். அவர்கள் வீட்டுச் சொல்லின் எடை எனக்குத் தெரியும்.

என் போன் திரும்பி வந்துவிட்டது. ஆவுடையப்பன் ஃபேன் பக்கத்தில் உட்கார்ந்து, ஊக்கை நிமிர்த்தி, அதன் சார்ஜ் ஓட்டைக்குள் அடைத்திருந்த தவிட்டை ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தான். தண்ணியில் விழுந்த போனில் தவிடு எப்படி வந்தது என்று கேட்கவில்லை. ஊதி, துடைத்து, என் கையில் வைத்தான்.

கனகவல்லி அரிசியை இன்னும் புடைத்துக்கொண்டிருக்கிறாள். உப்பு விஷயத்தை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். பார்ப்போம்.

மார்ச் 23, திங்கள்

சவரம் செய்தான். வாட்சைக் கட்டினான். கல்லூரிக்கா, இல்லை பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறவன் நேற்று வேலைக்குக் கூப்பிட்டானே, அங்கேயா என்று நான் கேட்கவில்லை. செருப்பை மாட்டினான்.  என்னவோ இன்று எனக்கு ஒரு சாமான் பேரும் வரவில்லை. 

கேட் வரைக்கும் போனவன் நின்று, திரும்பி வந்தான்.

"யம்மா."

"என்னடா?"

"வரும்போது என்ன வாங்கிட்டு வரணும்னு நீ இன்னும் சொல்லலையே."